கொட்சில்லாவும் இரசிகனின் கோபமும்

1998ஆம் ஆண்டில் ஹொலிவூட்டின் ட்ரைஸ்டார் நிறுவனம், யப்பானியப் படமான 'கொஜிரா'வைப் புதிதாக எடுத்து, 'கொட்சில்லா' என்ற பெயரில் உலகெங்கும் திரையிட்டது. நெறியாண்டவர் ரொலண்ட் எம்மெரிக். பணம் தண்ணீராய் இறைக்கப்பட்டது. இறைத்ததன் இருமடங்குக்கு மேல் திரும்பியும் வந்தது. ஆனால் பழைய படத்தை அறிந்த இரசிகர்கள் இதனை ஏற்க மறுத்துவிட்டனர். இது கொட்சில்லாவே அன்று என்பதுதான் அவர்களுடைய வாதம். ஓணானைப் பெருக்கிவைத்தாற்போன்ற உருவம். ஹெலிகொப்டர்களுக்கு அஞ்சி ஓடுகிறது. மீனைத் தேடி அலைகிறது. நியூயோர்க்கின் விளையாட்டரங்கொன்றில் முட்டைகளை இட்டுக் குவிக்கிறது. ஈற்றில் புரூக்ளின் பாலத்துக் கம்பிகளிற் சிக்கி, சில ஏவுகணைகளுக்கு இரையாகிவிடுகிறது. மூலப்படத்து விலங்கோ எந்தப் பீரங்கிக்கும் அசையாதது. தோஹோ நிறுவனமே பின்னர் அமெரிக்க விலங்கின் பெயரிலிருந்து, ஆங்கிலத்திற் கடவுளைக் குறிக்கும் முதலசையை நீக்கி, 'சில்லா' என்று மட்டும் அழைக்கலாயிற்று. 2004இல் வெளிவந்த யப்பானியப் படமொன்றில் மூல விலங்கு இந்தச் சில்லாவைச் சிட்னி நகரிற் சில விநாடிகளிலே தூக்கியெறிந்து எரித்துவிடுகிறது. இரசிகர் இன்றும் குதூகலத்தோடு நினைவுகூரும் காட்சி அது.

இதெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. வெகுசனக் கலை என்றதுமே மூக்கைச் சுளிக்கும் பழக்கம், முற்போக்காளர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரிடையேயும் இன்னும் நீங்கியபாடில்லை. இரப்பர் அங்கியணிந்த மனிதனொருவன் பொம்மைக் கட்டடங்களை மிதித்து நொறுக்குவதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பர். அந்த மனிதன் எந்த ஆண்டில், எவர் முன்னிலையில், எந்தக் கட்டடங்களை மிதித்தான் என்பதை அவர்கள் முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று.

1954 மார்ச் முதலாந் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா வெடிக்கவைத்த ஐதரசன் குண்டின் வலு 15 மெகாதொன். ஹிரோசிமாவில் வீழ்ந்ததைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் இலக்க அதிர்ஷ்ட நாகம்' என்னும் யப்பானியப் படகின்மீது வெண்சாம்பல் பெய்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலி இயக்குநர் குபோயாமா செப்டெம்பர் 23இல் இறந்தார். அவர் இறந்து ஆறு கிழமைகள் முடியுமுன்னர், நவம்பர் 3ஆந் திகதி, இஷிரோ ஹொண்டா நெறியாண்ட 'கொஜிரா' வெளியாயிற்று. அது தொடங்குவதே, கடலில் எழும் பேரொளியொன்றிற் கப்பலொன்று எரிந்து மூழ்குவதுடன்தான். படமாளிகையில் அமர்ந்திருந்த யப்பானியனுக்கு அந்த ஒளிக்கு உரை தேவைப்பட்டிருக்காது. விலங்கின் தோல், குண்டுக்குத் தப்பியோர் உடலிற் கண்ட தழும்புகளை நினைவூட்டுமாறு அமைக்கப்பட்டது. மருத்துவமனைக் காட்சியில் ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பிடித்துப் பார்க்கும் விஞ்ஞானி, வாய்திறவாது தலையை மட்டும் அசைக்கிறார். புகையிரதத்திற் செல்லும் பெண்ணொருத்தி, நாகசாக்கியிலிருந்து அரும்பாடுபட்டுத் தப்பிவந்த தனக்கு, நஞ்சேறிய மீனும் கதிர்வீச்சு மழையும் போதாவென்று இதுவும் வந்துசேர்ந்ததே எனச் சலித்துக்கொள்கிறாள். மக்கள் வேதனையை வியாபாரமாக்கிவிட்டதாக அன்றே சில விமர்சகர் சினந்தனர். ஆயினும் 96 இலட்சம் நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. கண்கலங்கி வெளியேறியோரும் இருந்தனர்.

இந்தப் படம் 1956இல் அமெரிக்காவுக்குப் போனபோது என்ன நேர்ந்தது? அமெரிக்கப் பத்திரிகையாளன் ஒருவன் கதைக்குள் ஒட்டவைக்கப்பட்டான். 96 நிமிடப் படம் 80 நிமிடமாகக் குறைந்தது. நாகசாக்கிப் பெண்ணின் பேச்சு வெட்டுண்டது. அணுவாயுதப் பரிசோதனைகள் தொடருமானால் இத்தகைய விலங்கு இன்னொன்றும் தோன்றக்கூடும் என்ற முதிய விஞ்ஞானியின் இறுதி எச்சரிக்கை அகற்றப்பட்டு, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்னும் பொருள்பட அமெரிக்கன் கூறும் ஆறுதல் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. உலகின் பெரும்பகுதி நீண்ட காலம் கண்டது இந்தப் பிரதியையே. கத்தரிக்கோல் பிடித்தவர்களுக்குப் படத்தின் பொருள் நன்றாகவே விளங்கியிருந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை.

1998இன் படம் இன்னுமொரு படி போயிற்று. அதில் விலங்கு தோன்றக் காரணம் பிரெஞ்சுப் பரிசோதனை. பிரான்ஸ் 1995ஆம் ஆண்டில் முரூரோவாவிற் குண்டு வெடித்தது உண்மை; அது கண்டனத்துக்குரியதும் ஆகும். ஆனால் 1946க்கும் 1958க்கும் இடையே மார்ஷல் தீவுகளில் 67 பரிசோதனைகளை நடத்திய நாடு, தன் கைகளைக் கழுவிக்கொண்டு அயலானைச் சுட்டுவதை என்னென்பது? இரசிகன் ஓணானுருவைக் கண்டு கொதித்தான். அவன் கொதித்தது சரியே. கொல்ல முடியாத ஒன்றைக் கொல்லத்தக்கதாகச் சுருக்கியபோது, அணுக்குண்டின் பயங்கரமும் விமானப்படையால் தீர்க்கத்தக்க தொல்லையாகச் சுருங்கிவிட்டது. அவன் அதனை இந்தச் சொற்களிற் சொல்லவில்லை. உருவத்தைப் பற்றி மட்டுமே பேசினான்.

அவ்வாறு உருவத்தை மட்டுமே பேசியதன் விளைவை 2014இற் காண்கிறோம். கரத் எட்வர்ட்ஸ் நெறியாண்ட புதிய அமெரிக்கப் படத்தில் உருவம் திருப்பித் தரப்பட்டது. நிமிர்ந்த நடை, முதுகுச் செதில்கள், இடிமுழக்கக் கர்ச்சனை அனைத்தும் மீண்டன. இருளில் வால்நுனியிலிருந்து நீலவொளி படிப்படியாக ஏறிவருங் காட்சிக்கு இரசிகர் ஆரவாரித்தனர். குறைகூறியோர் கூறிய குறைகளைப் பாருங்கள்: இரண்டு மணிநேரப் படத்தில் விலங்கு பத்து நிமிட அளவே தோன்றுகிறது, எதிரி விலங்குகளான 'மூட்டோ' இரண்டும் அதைவிட அதிக நேரத்தை விழுங்கிவிடுகின்றன. யப்பானிய இரசிகர் சிலரோ, படம் தங்கள் நாட்டுக்கு வருமுன்னரே, கொட்சில்லா அளவுக்கு மீறிக் கொழுத்துவிட்டதென்று நகைத்தனர்.

ஆனால் அப்படம் செய்த பெரிய காரியம் வேறு. பசிபிக்கில் நடந்தவை பரிசோதனைகளே அல்லவாம். கடலடியிலிருந்து எழுந்த பூதவிலங்கைக் கொல்வதற்கான முயற்சிகளாம்! பிகினி மக்களின் மண் பறிபோனதும், ரொங்கெலப் தீவினர் சாம்பலில் நனைந்து இரண்டு நாட்கள் கேட்பாரற்றுக் கிடந்ததும், குபோயாமா மாண்டதும் மனிதகுலத்தைக் காக்க எடுத்த நடவடிக்கையின் பக்கவிளைவுகள் ஆகிவிடுகின்றன. குண்டு பெற்ற பிள்ளையாக இருந்த விலங்கு, குண்டுக்கு நியாயங் கற்பிக்கும் சாட்சியாக மாறிவிடுகிறது. இந்த விளக்கத்தை அளிப்போருள் ஒருவருக்குச் செரிசாவா என்று பெயர். மூலப்படத்துச் செரிசாவா யார்? தன் கண்டுபிடிப்பு மற்றுமொரு பேரழிவாயுதம் ஆகிவிடுமென அஞ்சிக் குறிப்புகளை எரித்து, தானும் விலங்குடன் கடலடியில் உயிர்துறந்த விஞ்ஞானி. அந்தப் பெயரையே தேடியெடுத்து இந்தப் பணிக்கு அமர்த்தியிருக்கின்றனர். ஹிரோசிமாவில் 8.15 மணிக்கு நின்றுபோன கடிகாரத்தை அவர் கடற்படைத் தளபதிக்குக் காட்டும் காட்சியொன்று உண்டு. அது நெஞ்சைத் தொடுவதையும் மறுக்கவில்லை. தளபதி அதனைப் பார்க்கிறார். தம் அணுகுண்டுத் திட்டத்தைத் தொடர்கிறார். கதை முடிவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் இரட்சகன் என்ற பட்டம் விலங்குக்குக் கிடைக்கிறது.

ஓணானுருவுக்காக எழுந்த கூக்குரலிற் பத்திலொரு பங்குகூட இந்த வரலாற்றுப் புரட்டுக்கு எழவில்லை. செதிலையும் வாலையும் தசமகணக்கில் அளந்துபார்க்கும் கண்ணுக்கு இது தட்டுப்படாமற் போனது ஏன்? இரசிகன் அறிவற்றவன் என்பதனாலன்று. தான் நேசிக்கும் பொருளின் வெளித்தோற்றத்துக்கு மாத்திரமே தான் உரிமையாளன் என்று சந்தை அவனுக்குப் பழக்கியிருக்கிறது. தோற்றத்தைக் கெடுத்தால் முறையிடுகிறான். நட்டத்துக்கு அஞ்சும் முதலாளி தோற்றத்தைத் திருத்தித் தருகிறான். காரணத்தைப் பற்றி அவ்விருவரும் பேரம் பேசுவதில்லை.

யப்பானியர் நிலையும் ஒரே சீரானதன்று. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அவர்களே இவ்விலங்கைப் பிள்ளைகளின் தோழனாக்கிக் கோமாளிக்கூத்து ஆடவிட்டனர். இருப்பினும் 2016இல் ஹிதெயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் எடுத்த 'ஷின் கொஜிரா'வில், மீன்விழிகள் பிதுங்க, செவுள்களிலிருந்து குருதி கொட்ட, தெருவில் ஊர்ந்துவரும் விலங்கைக் கண்டு முதலிற் சிரித்தவர்களுங்கூட, அது தள்ளிவரும் படகுகளிலும் இடிபாடுகளிலும் 2011இன் ஆழிப்பேரலையை அடையாளங் கண்டனர். கூட்டங்கள் மிகுதி, சண்டை குறைவு என்று வெளிநாட்டார் சிலர் முணுமுணுத்தனர். புக்குஷிமாவில் அணு உலை உருகியபின் அதிகாரிகள் கூட்டத்தின்மேற் கூட்டம் நடத்தியதைப் பார்த்திருந்த மக்களுக்கு அந்தக் கூட்டங்களும் கதையின் உயிர்ப்பகுதியே.

தகாஷி யமசாக்கியின் 2023ஆம் ஆண்டுப் படத்தில் விலங்கை மாற்றிவிடுவது மறுபடியும் பிகினியில், 1946இல், அமெரிக்கர் வெடித்த குண்டுதான். தோக்கியோவின் கின்சா வீதியில் அது உமிழும் அனற்கதிர் வானளாவிய புகைக்குடையாக எழுகிறது. சற்றைக்கெல்லாம், தன்னைக் காத்தவளைப் பறிகொடுத்துக் கதறும் இளைஞன்மீது கருமழை பெய்கிறது. புகையிரதப் பெண்ணின் வாயிலிருந்து மழை என்ற சொல்லையே வெட்டியெடுத்த நாட்டில் அப்படம் யப்பானிய மொழியிலேயே படமாளிகைகளில் ஓடிற்று.