காவல்காரர்களின் மரணம்

'ஜேசன் அண்ட் த ஆர்கோநாட்ஸ்' (1963) படத்தைக் குழந்தைகள் படம் என்று ஒதுக்கிவிடுவது விமர்சகர்களுக்குச் சௌகரியமான காரியம். பூதம், தேவதை, கத்திச்சண்டை, இதிலே வாசிக்க என்ன இருக்கு? இருக்கிறது. இயக்கியவர் டான் சாஃபி. ஆனால் எல்லோரும் இதை ரே ஹாரிஹவுசன் படம் என்றுதான் சொல்கிறார்கள். நாயகனாக நடித்தவரின் பெயர் பலருக்கு ஞாபகமில்லை. பொம்மைகளை அசைத்தவரின் பெயர் நிற்கிறது. பிரதியின் மையம் நாயகனிடம் இல்லை என்பதற்கு இது முதல் தடயம்.

ஸ்டாப்-மோஷன் என்பது பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு சட்டகம் எடுப்பது, மறுபடி நகர்த்துவது. வினாடிக்கு 24 சட்டகங்கள். ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதர்களோடு மோதும் கடைசிச் சண்டைக்கு நாலரை மாதம் பிடித்தது. சில நாட்களில் தேறியது 13 சட்டகங்கள்தான். ஒரு நாள் உழைப்பு, திரையில் அரை வினாடி. நடிகர்களோ முன்னதாகவே வெறும் காற்றோடு வாள் வீசி முடித்திருந்தார்கள்.

படத்துக்குள் ஜீயஸும் ஹீராவும் பலகையில் மனிதர்களைக் காய்களாக நகர்த்துகிறார்கள். ஹாரிஹவுசனின் வேலையும் இதுதானே என்று சொல்லிவிடலாம். அங்கேதான் சிக்கல். கடவுள் வியர்வை சிந்தாமல் நகர்த்துகிறார். அதிகாரம் உழைப்பைக் காட்டாது. தொழிலாளியின் கையோ தத்தித் தத்தி நகரும் அசைவில் தடம் பதிக்கிறது. பொம்மை அசையாமல் நிற்கும்போதே ஒவ்வொரு சட்டகமும் பதிவாவதால் ஓடும் உடலின் மங்கல் அதில் விழுவதில்லை. நாம் குறை என்று நினைப்பது அந்தத் தடத்தைத்தான்.

டாலோஸ் என்னும் வெண்கல ராட்சதனைப் பாருங்கள். தெய்வங்களின் புதையலுக்குக் காவல் இருப்பவன். ஹெர்குலிஸ் ஒரு பெரிய ஊசியைத் திருடியதும் விழித்துக்கொள்கிறான். ஜேசன் அவன் குதிகாலில் இருக்கும் மூடியைத் திறக்க, உடம்பிலுள்ள திரவம் வடிந்துபோகிறது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு தடுமாறி, விரிசல்விட்டு விழுகிறான். திருடியவன் பிழைத்துக்கொள்கிறான், அவன் நண்பன் ஹைலாஸ் சிலைக்கடியில் நசுங்குகிறான். தங்கக் கம்பளித்தோலுக்குக் காவலிருந்த ஹைட்ராவுக்கும் இதே கதிதான். அதன் பற்களிலிருந்து முளைத்த எலும்புக்கூடுகள் ஏயட்டீஸின் கட்டளைக்குச் சண்டையிட்டுக் கடலில் மூழ்குகின்றன. அவற்றுக்குப் பேச்சு இல்லை, அலறல் மட்டும். கொல்கிஸின் சொத்தை எடுத்துப்போவதைச் சாகசம் என்கிறது கதையாடல்.

படம் இதை உணர்ந்து செய்கிறது என்று நான் சொல்லவில்லை. கதை ஜெயித்தவர்களுடையது. ஆனால் நாயகனுக்கு வசனம் கிடைத்தது, காவல்காரர்களுக்கு ஒரு மனிதனின் மாதக்கணக்கான காலம் கிடைத்தது. டாலோஸ் தொண்டையைப் பிடிக்கும் அந்தச் சைகை படத்திலுள்ள எந்த மனித மரணத்தைவிடவும் கனமானது. கதை ஒரு பக்கம் நிற்க, கை இன்னொரு பக்கம் நிற்கிறது.

இது பழசின் மேல் ஏக்கம் என்பார்கள். இல்லை. 'ஜுராசிக் பார்க்' (1993) வந்தபிறகும் உழைப்பு மறைந்துவிடவில்லை. கணினிமுன் உட்கார்ந்தவர்களின் பெயர்கள் படம் முடிந்ததும் நீளமாக ஓடுகின்றன. மறைந்தது பிம்பத்துக்குள் இருந்த தடம். வழவழப்பான மிருகத்தைப் பார்ப்பவன், அதை யார் செய்தார்கள் என்று கேட்பதில்லை.

படம் ஜேசன் ஊர் திரும்புமுன்பே முடிந்துவிடுகிறது. பெலியாஸ் அரியணையில் அப்படியே இருக்கிறான். ஜீயஸ் ஆட்டத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கிறார். நியாயம் எதுவும் கிடைக்கவில்லை; செத்தது காவல் நின்றவர்கள்தான்.