சிக்கிக்கொண்ட இடத்திலேயே கொஞ்சம் நில்லுங்கள்

'பாபா இஸ் யூ' என்ற புதிர் வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஐயோ, அது ரொம்பக் கஷ்டமாமே" என்று நழுவிவிடுகிறார்கள். சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எரிச்சலாக இருக்கிறது. விரல் வேகம் வேண்டாம், நேரக்கெடு கிடையாது, வைத்த அடியை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். புதியவருக்கு இதைவிட என்ன சலுகை வேண்டும்?

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி டெய்காரி 2017இல் நார்டிக் கேம் ஜாம் என்ற விளையாட்டு உருவாக்கும் நிகழ்வுக்காகச் செய்த சின்னப் பரிசோதனை, 2019இல் இருநூறுக்கும் மேற்பட்ட லெவல்களோடு முழு விளையாட்டாக வந்தது. 1982இல் ஜப்பானில் வெளியான, பெட்டி தள்ளும் சோகோபானின் வம்சம். ஆனால் இங்கே, திரையில் சொற்களாகக் கிடக்கும் விதிகளையும் தள்ளலாம். 'வால் இஸ் ஸ்டாப்' என்ற மூன்று சொற்கள் வரிசையாக இருக்கும்வரை சுவர் தடுக்கும். ஒரு சொல்லை நகர்த்திவிட்டால் சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். பாடம் முடிந்தது.

இனிதான் விஷயம். சிக்கிக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. விதி தெரியாமல் சிக்குவது ஒன்று. இல்லாத விதியை நாமே போட்டுக்கொண்டு சிக்குவது இன்னொன்று. முதல் வகைக்கு விளையாட்டைச் செய்தவர் பொறுப்பு. ஆட்டக்காரர்கள் புகார் சொன்னால் அவர் திருத்தத்தான் வேண்டும். இரண்டாவது வகையில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அதுதான் விளையாட்டே!

கொடியைத் தொட்டால் வெற்றி என்று முதல் லெவலில் பழகிவிடுகிறோம். அதனால் எங்கேயாவது போய்ச் சேர்ந்தால்தான் ஜெயிக்கலாம் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அப்படி யார் சொன்னது? நீங்கள் நகர்த்தும் உருவம் பாபா என்று சொல்லும் 'பாபா இஸ் யூ' விதி இருக்கும்போதே 'பாபா இஸ் வின்' என்றும் சேர்த்துவிட்டால், அந்தக் கணமே லெவல் முடிந்துவிடும். போக வேண்டிய இடமே நீங்கள்தான். பாபாவாகவே இருந்தாக வேண்டும் என்றும் எங்கும் எழுதவில்லை; கல்லாகலாம், சுவராகலாம். திரையில் இல்லாத இந்தத் தடைகளை எல்லாம் கட்டியவர் நீங்கள். "அநியாயம், குறிப்பு கொடுங்கள்" என்று எழுதுகிறவர்களில் பலர் இந்த இரண்டு வகைச் சிக்கலையும் போட்டுக் குழப்புகிறார்கள். விமர்சகர்களும் "மூளைக்கு நல்ல வேலை" என்ற ஒரே வரியோடு கடந்துவிடுகிறார்கள். சோம்பேறித்தனம். விடை வீடியோ பார்த்து முடிப்பது இப்போது பெரிய மோஸ்தர். அப்படி முடிப்பவர்கள் பார்ப்பது வேறொருவர் விளையாடியதை.

நீங்கள் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் விளையாட்டு பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. வாக்கியம் கூடினால் சொற்கள் பளிச்சென்று ஒளிரும், கலைந்தால் மங்கும். 'யூ' எதனோடும் சேராமல் போனால் இசையே நின்றுவிடும். முதல் முறை அந்த நிசப்தத்தைக் கேட்டால் பயந்துவிடாதீர்கள், ஓரடி பின்வாங்குங்கள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். சிக்கினால் நான் சொற்களைத் தொடவே மாட்டேன். "இங்கே எதையெல்லாம் முடியாது என்று நினைக்கிறேன்?" என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு 'முடியாது'க்கும் திரையில் ஆதாரம் தேடுவேன். ஆதாரமில்லாத ஒன்று அகப்படும். கதவு அங்கேதான். விடை கிடைத்ததும் அடுத்ததற்கு ஓடாதீர்கள். அதே லெவலை மறுபடி திறந்து, வேண்டாத கல்லோ சொல்லோ ஒன்றாவது கிடக்கிறதா என்று தேடுங்கள். பல லெவல்களில் அகப்படாது.