பக்கவாத்தியமும் விமர்சனத்தின் கடைசி வரியும்

நம்மிடையே எழுதப்படும் கச்சேரி விமர்சனங்களை நோக்குமிடத்து, அவற்றின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காணலாம். பக்கவாத்தியங்கள் நிகழ்ச்சிக்கு மெருகூட்டின என்பதே அது. வாசித்தவர் எதனை, எவ்வாறு வாசித்தார் என்பது பற்றி அவ்வரி யாதுங் கூறுவதில்லை. அரங்கேற்ற அழைப்பிதழ்களில் நாம் வழங்கும் 'அணிசெய் கலைஞர்' என்னுந் தொடரும் இந்நோக்கினையே புலப்படுத்துகின்றது. அணி களையக்கூடியது, உடலின் உறுப்பு அன்று.

பக்கவாத்தியக்காரரின் தொழில் உண்மையில் எத்தகையது? பெரும்பாலும் ஒத்திகையின்றியே மேடையேறும் அவர், அடுத்த உருப்படி யாதென்பதை மேடையிலேயே அறிகின்றார். ஆலாபனையில் வயலின் பாடகரை நிழல்போலத் தொடர்ந்து, தன் முறை வந்ததும் அதே இராகத்தைப் பாடகரை விஞ்சாத அளவிற் சுருக்கித் தருதல் வேண்டும். மிருதங்கக்காரர் ஒரு கட்டைச் சுருதிக்கும் ஐந்து கட்டைச் சுருதிக்கும் வெவ்வேறு மிருதங்கங்களை வைத்திருத்தல் வேண்டும். தனி ஆவர்த்தனத்தின் நேரமோ பாடகர் தருவது. சபையோர் பலர் எழுந்து வெளியே செல்வதும் அப்போதுதான்.

இந்நிலை இசையின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. நமது கூத்து மரபிலே மத்தளம் வாசிக்கும் அண்ணாவியாரே கூத்தைப் பழக்குபவர். ஆட்டத்தை நடத்துபவரும் அவரே. தட்சிணாமூர்த்தியின் (1933–1975) தவிலைக் கேட்பதற்கென்றே யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் மக்கள் திரண்டனர். மேடைக் கச்சேரியிலோ நிகழ்ச்சி பாடகரின் பெயரால் ஒழுங்கு செய்யப்படுகின்றது. ஏனையோர் அப்பெயருக்காக அமர்த்தப்படுகின்றனர். எனவே வாத்தியத்தின் தகுதியை நிர்ணயிப்பது ஓசையன்று, ஒழுங்கமைப்பே எனலாம். சென்னை மியூசிக் அகாடமி 1942 முதல் வழங்கிவரும் 'சங்கீத கலாநிதி' பட்டம், பாலக்காடு மணி ஐயர் வாயிலாக ஒரு மிருதங்கக் கலைஞரை முதன்முறையாக அடைவதற்கு 1966 வரை செல்லவேண்டியிருந்தது.

கச்சேரிக்குத் தலைவர் ஒருவர் வேண்டும், அவர் பாடகரே என வாதிடலாம். அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் ஒருவர் தலைமை தாங்குவதால் மற்றையோர் மறைந்துபோக வேண்டும் என்ற நியதி இல்லை. கூலிக்கு அமர்த்தப்படும் கலைஞருக்குப் பெயரே முதல். அடுத்த அழைப்பு அதனைப் பற்றியே வருவது. அவர் வாசிப்புக்கு எஞ்சும் எழுத்துச் சான்றும் பெரும்பாலும் விமர்சகரின் அந்த ஒரு வரிதான். அவ்வரியிலே பெயரும், வாசிப்பின் நிறைகுறைகளும் இடம்பெறும்வரை, நமது விமர்சனம் கச்சேரியின் ஒரு பாதியை மாத்திரமே கேட்டதாகும்.