படித்த கையோடு பார்த்தவை

ஒரு நாவல் படமாகிவிட்டது என்றதும் நம் ஊரில் எழும் முதல் கேள்வி, "புத்தகம் மாதிரியே இருக்கா?" என்பதுதான். போன மாதம் தமிழ் நாவல்களையும் அவற்றிலிருந்து பிறந்த படங்களையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு படித்தேன், பார்த்தேன். இப்போது அந்தக் கேள்வியே அலுத்துவிட்டது. மூலத்தோடு சண்டை போட்ட படங்கள் மனசில் நின்றன. பக்கத்துக்குப் பக்கம் பணிந்து நடந்தவை நிற்கவில்லை.

இந்த உறவு மிகப் பழையது. கல்கியின் 'தியாகபூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதிலாக அதே கதையின் படக் காட்சிகளே புகைப்படங்களாக அச்சாயின. கே. சுப்பிரமணியம் இயக்கிய அந்தப் படம் 1939இல் வெளிவந்தது. பிறகு வெள்ளைக்கார அரசு அதைத் தடை செய்தது. எழுத்தும் திரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வளர்ந்த காலம் அது. விகடனிலேயே பின்னால் வந்த கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' வேறு வகை. ஆற அமரப் படிக்க வேண்டிய நாவல். 1968இல் ஏ.பி. நாகராஜன் அதில் பாதிக்கு மேல் வெட்டி எறிந்தார். ஆனால் அச்சில் எத்தனை வர்ணித்தாலும் கேட்காத நாகஸ்வரத்தை மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்துவிட்டார்கள். அங்கே வழக்கு முடிந்தது.

அதே தஞ்சை மண், அதே சங்கீதம். 'மோகமுள்' மட்டும் ஏன் கைகூடவில்லை? ஞான ராஜசேகரனின் படம் (1995) அக்கறையோடு எடுக்கப்பட்டது. இளையராஜாவின் இசை இருக்கிறது, சங்கீத குரு ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு இருக்கிறார். குறை அக்கறையிலேயே இருக்கிறது. தி. ஜானகிராமனின் பாபு தன்னைவிட மூத்த யமுனாவை நினைத்து உருகுவது நிகழ்ச்சிகளில் இல்லை. கும்பகோணத்துத் தெருவில் நடக்கும்போதும், பாடம் கேட்டுவிட்டுத் திரும்பும்போதும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும் பேச்சில் இருக்கிறது. படம் நிகழ்ச்சிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டது. யமுனா கடைசியில் கேட்கும் அந்தச் சின்னக் கேள்வி நாவலில் நம்மை உலுக்கும். திரையில் அது ஒரு வசனமாக நின்றுவிடுகிறது.

ஜெயகாந்தன் விஷயம் சுவாரசியமானது, ஏனென்றால் அவர் தன் கதையோடு தானே மல்லுக்கு நின்றவர். 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் தாய், அந்நியன் ஒருவனால் கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி நடந்ததை மறைத்துவிடுகிறாள். அவள் மறைக்காமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்ததன் விளைவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. பீம்சிங் இயக்கிய படத்தில் பேச்சு கொஞ்சம் அதிகம்தான். லட்சுமியின் முகம் அதைத் தாங்கிக்கொள்கிறது. தேசிய விருது கொடுத்தது நியாயம்.

அந்த மாதத்தில் என்னை அதிகம் பிடித்து வைத்தவர் மகேந்திரன். அவர் இயக்கிய 'முள்ளும் மலரும்' (1978) உமாசந்திரனின் நாவலிலிருந்து வந்தது. நாவலில் நாயகன் காளியின் கையைப் புலி பறிக்கும். படத்தில் லாரி பறிக்கிறது. சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் புலி என்றால் அது சாகசம். லாரி என்றால் குடித்துவிட்டுத் தெருவில் கிடந்த ஒருவனின் அசட்டுத்தனம். அந்த அவமானத்தோடுதான் அவன் இன்ஜினியரை முறைத்துக்கொண்டு நிற்கிறான். தங்கையை அந்த இன்ஜினியருக்கே கட்டிக்கொடுக்கும்போதுகூட 'உன்னை எனக்குப் பிடிக்கவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்கிற வீம்பு அதிலிருந்து வருகிறது.

'உதிரிப்பூக்கள்' (1979) இதையும் தாண்டிப் போகிறது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை முடித்த கையோடு பார்த்தால், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று திகைப்பு வரும். சுந்தரவடிவேலு என்ற பெயர் மிச்சமிருக்கிறது. தாயில்லாமல் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள். கதையில் அவர் கல்லூரிப் பேராசிரியர். படித்தவர், குழந்தைகள் மேல் பிரியமும் உண்டு, வீட்டுக்குள் நடப்பதுதான் கண்ணில் படுவதில்லை. படத்தில் அவன் கிராமத்துப் பள்ளிக்கூடத்து நிர்வாகி, அடுத்தவர் துன்பத்தில் சுகம் காண்பவன். அவனாக வரும் விஜயன் குரலை உயர்த்தாமலேயே அந்தக் கொடுமையைச் செய்வார். சீமாறு கொண்டு அடிக்கத் தோன்றும். கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. அவனும் இறங்குமுன், நல்லவர்களாயிருந்த உங்களையும் என்னைப் போலாக்கிவிட்டேனே என்கிறான். புதுமைப்பித்தனில் இப்படி ஒரு காட்சி கிடையாது. ஆனாலும் பெரியவர்கள் தங்கள் நியாயங்களோடு மும்முரமாயிருக்கும்போது குழந்தைகள் கவனிப்பாரற்றுப் போகிறார்கள் என்ற கசப்பு அப்படியே வந்திருக்கிறது. ஊர் நீதி வழங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த அப்பாவும் போனார்.

'வெக்கை'யிலும் (1982) 'அசுர'னிலும் (2019) எனக்கு இரண்டு மனம். பூமணி வெட்டு விழுந்த இடத்தில் கதையைத் தொடங்கி, காட்டில் ஒளிந்து திரியும் அப்பனோடும் பையனோடும் நம்மை விட்டுவிடுகிறார். சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. பதுங்குவது, பசியாற வழி பார்ப்பது, வீட்டு நினைப்பு. நாவல் பெரும்பாலும் இவ்வளவுதான். சாதியின் பெயரைக்கூடச் சொல்லாமல், கரிசல் பேச்சிலும் அப்பனும் மகனும் ஒருவரையொருவர் புதிதாகப் பார்ப்பதிலும் எல்லாவற்றையும் வைத்துவிட்டார். வெற்றிமாறனோ நாவலில் இல்லாத ஒரு முன்கதையைக் கட்டி எழுப்புகிறார். செருப்புப் போட்டதற்காக ஒரு பெண்ணை அடித்து, அதையே தலையில் சுமக்க வைக்கும் காட்சி அதில் வருகிறது. குடிசைகள் எரியும்போது 1968இன் கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் போகாது. அரங்கத்தில் அந்தத் தீக்கு இருந்த வலுவை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: பையனின் கதை அப்பனின் கதையாகிவிட்டது. படிப்பை மட்டும் யாரும் பிடுங்க முடியாது என்று அப்பனாக வரும் தனுஷ் சொல்லும் புத்திமதி கைதட்டல் வாங்கியது. பூமணியின் அய்யா அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

வெற்றிமாறனே 'விசாரணை'யில் (2015) இன்னும் துணிச்சலாக இருந்தார். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூரில் போலீஸ் பிடித்து வைத்து அடித்ததை எழுதிய புத்தகம் 'லாக்கப்'. படத்தின் முதல் பாதி அது. இரண்டாம் பாதி தமிழ்நாட்டு ஸ்டேஷனுக்குள், வேறொரு வழக்குக்குள் போகிறது. ஆயுத பூஜைக்காக ஸ்டேஷனைக் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். விடுதலையான பையன்கள் நன்றியோடு கழுவுகிறார்கள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுவதும் அந்த வேலைக்கு நடுவில்தான். சந்திரகுமார் உயிரோடு வெளியே வந்தார், எழுதினார். அதனால் நமக்குப் புத்தகம் கிடைத்தது. படத்தில் அந்த ஸ்டேஷனைக் கழுவப் போன மூவரில் ஒருவரும் திரும்புவதில்லை.