கருவியும் கற்பித்தலும்: ஆசிரியர் நோக்கம் பற்றிய ஒரு மதிப்பீடு

கணினி, திறன்பேசி, இணையம் ஆகியவற்றை வகுப்பறையிற் கையாளும் ஆசிரியர் எந்நோக்கத்தோடு அவற்றைக் கையாள்கின்றார் என்பது கல்வியியலாளரால் இன்று பரவலாக ஆராயப்படும் வினாவாகும். இதற்குப் பெரும்பாலும் கூறப்படும் விடைகள் மூன்று: பாடத்தைக் கவர்ச்சியாக வழங்குதல், மாணவரின் ஆர்வத்தைத் தூண்டுதல், காலத்துக்கேற்பக் கற்பித்தல். இவற்றிற் பிழையில்லை. ஆயின் இம்மூன்றும் ஆசிரியர் செய்வதைக் கூறுகின்றனவேயன்றி மாணவன் செய்யவேண்டியதைக் கூறவில்லை. இக்குறைபாட்டை எமது இலக்கண மரபு தரும் அளவுகோல் ஒன்றைக் கொண்டு மதிப்பிட முயல்வோம்.

13ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் பவணந்தி முனிவரின் நன்னூல், தனது பொதுப்பாயிரத்தில் ஆசிரியர், கற்பித்தல், மாணாக்கர், கற்றல் ஆகியவற்றின் இலக்கணத்தையும் வகுத்துரைக்கின்றது. ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் புலமையின் காற்பங்கே கைகூடும் என்றும், உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு சேரும் என்றும், எஞ்சிய அரைப்பங்கு தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைக்கும்போதே நிறைவுறும் என்றும் அது கூறும். இப்பின்னங்களைக் கணித அளவாகக் கொள்ளவேண்டியதில்லை. எது சிறிது, எது பெரிது என்னும் வரிசையே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்வளவுகோலை வைத்து நோக்கின், மேற்கூறிய மூன்று நோக்கங்களும் முதற் காற்பங்கினுள் அடங்கிவிடுதல் புலனாகும். திரையில் வீழ்த்தப்படும் படக்காட்சியும் பதிவுசெய்யப்பட்ட விரிவுரையும் ஆசிரியரின் குரலைப் பெருக்குவனவே. ஆசிரியராகத் தகாதாரைச் சுட்டுமிடத்து நன்னூலார் கழற்குடத்தை உவமை கூறுவார். ஒழுங்காக இட்ட கழற்காய்கள் கவிழ்க்கும்போது முறைமாறி வீழும் குடம் அது. ஒரு பாடவேளையில் அறுபது படங்களைக் காட்டி முடிக்கும் ஆசிரியருக்கும் இவ்வுவமை பொருந்தும். கருவி புதியது, குறை பழையது.

மேல்நாட்டுச் சிந்தனையாளர் இருவர் முன்வைத்த நோக்கங்கள் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கவை. உளவியலாளர் பி. எவ். ஸ்கின்னர் 1950களில் கற்பித்தற் பொறியொன்றை முன்மொழிந்தார். மாணவன் தன் விடை சரியா பிழையா என்பதை உடனே அறிதல், தன் வேகத்தில் முன்னேறுதல் என்பன அவரின் நோக்கங்கள். இன்றைய திறன்பேசி வினாவிடைச் செயலிகள் இப்பொறியின் வழித்தோன்றல்கள் எனலாம். இங்கு மாணவனின் செயல் தெளிவாக வரையறுக்கப்படுகின்றது. ஆயின் அவன் பொறியோடு தனித்து விடப்படுகின்றான். உடன் பயில்வாரும் இல்லை, எடுத்துரைத்தலும் இல்லை.

சீமோர் பேப்பர்ட் இதற்கு மறுதலையாகச் சிந்தித்தவர். 1967இல் உருவான லோகோ என்னும் கணினிமொழியை ஆக்கியோருள் அவரும் ஒருவர். கணினி பிள்ளையை இயக்குதல் ஆகாது, பிள்ளையே கணினியை இயக்கவேண்டும் என்பது அவரின் வாதம். திரையிலுள்ள 'ஆமை'யைச் சதுரம் வரையச்செய்யும் பிள்ளை, சதுரம் என்றால் என்னவென்பதைத் தானே தெளிந்து, படிப்படியாக எடுத்துரைக்க வேண்டியவனாகின்றான். கருவி ஈண்டு மாணவனின் மாணவனாகின்றது. இக்கருத்து நன்னூலார் கூறும் அரைப்பங்குக்கு மிக அண்மையது. எனினும், 1984இல் பீ, கேர்லண்ட் ஆகிய ஆய்வாளர் லோகோ பயின்ற பிள்ளைகள் திட்டமிடும் ஆற்றலிற் பிறரை விஞ்சவில்லை எனக் கண்டனர். எடுத்துரைக்கும் வாய்ப்பைக் கருவி தரலாம். அதனைப் பயனாக்க ஆசிரியரின் நெறிப்படுத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

நோக்கம் தெளிவின்றிக் கருவி மாத்திரம் பெருகுமிடத்து விளைவது யாது? பெரு நாட்டின் நாட்டுப்புறத் தொடக்கப் பாடசாலைகள் 319இல், பிள்ளைக்கு ஒரு மடிகணினி வழங்கும் திட்டம் பற்றி நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2012இல் வெளியாயின. கணினிகளின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியும் கணிதம், மொழி ஆகிய பாடங்களின் அடைவில் மாற்றம் காணப்படவில்லை. பொதுவான சிந்தனைத்திறனில் மாத்திரம் ஓரளவு முன்னேற்றம் தென்பட்டது.

எமது நாட்டிலும் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் பாடக்குறிப்புகளை ஒளிப்படமாக்கி வாட்ஸ்அப் வழியே அனுப்பினர். அவர்தம் உழைப்பு பாராட்டற்குரியது. கருவியும் இணைய இணைப்பும் இல்லாத பிள்ளைகள் அதனையும் இழந்தனர். அவ்விழப்பு பலராலும் பேசப்பட்டது. பேசப்படாத இழப்பு ஒன்றும் உண்டு. குறிப்புகள் கிடைத்த பிள்ளைகளுக்கும் கிடைத்தது முதற் காற்பங்கே. அடுத்திருந்து பயிலும் தோழனையும், எழுந்து நின்று விளக்கும் வாய்ப்பையும் அவர்கள் இழந்தனர்.

ஆதலின் ஆசிரியரின் நோக்கம் கருவியின் பெயரால் அன்றி மாணவனின் செயலால் எழுதப்படவேண்டும் என்பதே எமது துணிபு. தமிழ்ப் பாடத்தையே சான்றாகக் கொள்வோம். 'புணர்ச்சி இலக்கணத்தைப் படக்காட்சி மூலம் கற்பித்தல்' என்பது கருவியின் நோக்கம். 'மாணவன் ஒரு புணர்ச்சி விதியைத் தன் ஊர்ப் பேச்சிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து மூன்று நிமிட ஒலிப்பதிவில் விளக்குவான். தோழர் இருவர் அதனைக் கேட்டுத் திருத்துவர்' என்பது கற்றலின் நோக்கம். பின்னதற்கு ஐவருக்கு ஒரு திறன்பேசி போதும். இணைய இணைப்பும் வேண்டியதில்லை. வளம் குறைந்த கிராமப் பாடசாலைக்கும் இது எட்டும்.

பாடத்திட்டத்தின் சுமையும் பரீட்சையின் நெருக்கடியும் இதற்கு இடந்தரா எனச் சிலர் கூறலாம். அக்கூற்றில் உண்மை உண்டு. ஒவ்வொரு பாடவேளையிலும் இது இயலாது. எனினும் விளக்கத்தெரியாத மாணவன் பரீட்சையிலும் விளக்கி எழுத மாட்டான் என்பதை மறத்தலாகாது. மேலும், கட்டுரையைக் கணப்பொழுதில் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் 2022இன் இறுதியிலிருந்து மாணவரின் கைக்கும் எட்டியுள்ளன. எழுதிய தாள் மாத்திரம் புலமைக்குச் சான்றாகாத இந்நாளில், தோழர் முன்னின்று எடுத்துரைத்தலே மாணவனின் அறிவை அறியும் நம்பத்தக்க வழியாகின்றது. கருவியைக் கையிலெடுக்குமுன் ஆசிரியர் தம்மை வினவவேண்டியது ஒன்றே: இதனால் இன்று பேசப்போவது யார், நானா, என் மாணவனா?