தண்ணியில்லாச் சாயம்: கம்பளிக்கு ஒத்துவருமா?

தண்ணீரே இல்லாமல் துணிக்குச் சாயம் ஏற்றுவது பற்றிய கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே கதைதான். கரியமில வாயுவை அழுத்திச் சூடாக்கி, அதில் சாயத்தைக் கரைத்துத் துணிக்குள் ஏற்றுகிறார்கள். சாயக் கழிவுநீர் கிடையாது, துணியைக் காயவைக்க வேண்டாம், வாயுவைப் பிடித்து மறுபடி பயன்படுத்தலாம். அதுவரைக்கும் சரி. ஆனா கடைசிப் பத்தியில் பருத்தி, கம்பளி எல்லாத்துக்கும் இதுவே விடிவு என்று முடிப்பாங்க பாருங்க, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

முதலில், நிஜமாக ஜெயித்தது எது? 31 டிகிரி செல்சியஸ், சுமார் 74 பார் அழுத்தம் இரண்டையும் தாண்டினால் கரியமில வாயு சூப்பர்கிரிட்டிகல் நிலைக்குப் போகும். வாயு மாதிரி இழைக்குள் புகும், திரவம் மாதிரி கரைக்கும். நெதர்லாந்தின் டைகூ நிறுவனம் இதை ஆலையில் ஓடுகிற இயந்திரமாக்கியது. 2012-ல் நைக்கி அதில் முதலீடு செய்தது. அதே ஆண்டு அடிடாஸ் இந்த முறையில் சாயமேற்றிய டி-ஷர்ட்களைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஆனால் துணி பாலியஸ்டர். அதற்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயத்துக்கு மின்னூட்டம் இல்லை; தண்ணீரில் சரியாகக் கரையாது, கரியமில வாயுவில் கரையும். பொருத்தம் தானாகவே அமைந்துவிட்டது.

கம்பளி வேறு ஜாதி. அது கெரட்டின் என்ற புரதம். அமிலம் கலந்த வெந்நீரில் அதன் அமீன் தொகுதிகள் நேர் மின்னூட்டம் பெறும். ஆசிட் சாயத்தின் எதிர் மின்னூட்டம் போய் ஒட்டிக்கொள்ளும். சாயத்தைக் கரைக்க, மின்னூட்டம் தர, இழையை உப்பவைக்க என்று மூன்று வேலைக்கும் தண்ணீர்தான். கரியமில வாயுவில் ஆசிட் சாயத்தைப் போடுவது எண்ணெயில் உப்பைப் போட்டுக் கலக்கின மாதிரிதான்.

ஆய்வாளர்கள் சும்மா இல்லை. டிஸ்பர்ஸ் சாயத்தோடு, இழையுடன் வேதிப்பிணைப்பு உண்டாக்கும் ஒரு தொகுதியைச் சேர்த்துப் பார்த்தார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட முடிவில், கம்பளியிலும் பட்டிலும் நல்ல அழுத்தமான நிறம் வந்தது. எப்போது? துணியிலும் வாயுவிலும் ஈரம் நிறைந்திருந்தபோது! இன்னொரு வழியில், நுண்ணிய நீர்த்துளிகளைச் சோப்பு மாதிரியான மூலக்கூறுகளால் சுற்றி வாயுவில் மிதக்கவிட்டு, அந்தத் துளிக்குள் ஆசிட் சாயத்தைக் கரைக்கிறார்கள். அங்கேயும் தண்ணீர்.

ஆக, கம்பளிக்கு இது தண்ணீரில்லாச் சாயம் இல்லை, மிகக் குறைந்த தண்ணீர்ச் சாயம். அதுவே பெரிய விஷயம்தான். அப்படியே சொல்லிவிட்டுப் போகலாமே? பாலியஸ்டரில் ஓடியதைக் காட்டிக் கம்பளிக்கும் வாக்குக் கொடுப்பது, 'என் மெஷின்ல ஓடுதே' என்கிற எங்கள் தொழிலின் பழைய வியாதி. இன்னொன்று, இந்தப் பூஜ்யக் கணக்கு சாயத்தொட்டியில் மட்டும்தான். ஆட்டுரோமத்தின் கொழுப்பையும் வியர்வை உப்பையும் போக்க வெந்நீரில் அலசுகிற கட்டம் அதில் வருவதே இல்லை.

இந்தக் கோஷத்தால் நஷ்டம் உண்டு. சாயக் கழிவில் எவ்வளவு தண்ணீர் என்பதோடு, அதில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கம்பளிக்கு ஆழ்ந்த கறுப்பு ஏற்ற இன்றும் டைகுரோமேட் பயன்படுகிறது. அதைக் கைவிடப் புது இயந்திரம் வேண்டாம், வேறு சாயம் போதும். ரியாக்டிவ் சாயத்தையும் யூரியாவையும் துணியில் பிழிந்து ஏற்றி, சுருட்டி மூடி, கொதிக்கவைக்காமலே ஒரு நாள் அளவில் ஊறவைக்கும் முறையும் எப்போதோ வந்துவிட்டது. இதைப் பற்றி யாரும் பரபரப்பாக எழுதுவதில்லை.

சாயமே வேண்டாத கம்பளியும் இருக்கிறது. தெலங்கானாவில் தக்காணி ஆட்டின் கறுப்பு ரோமத்தில் நெய்யும் கொங்கடிக்கு, ஆட்டின் நிறமேதான் துணியின் நிறம். எல்லா நிறமும் அப்படிக் கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த தடவை இப்படியொரு கட்டுரை கண்ணில் பட்டால் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த இழை? எந்தச் சாயம்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அது பாலியஸ்டர் கதையாகத்தான் இருக்கும்.