சாந்தமான ஆக்சிஜனேற்றி

கார்பன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்புகளால் மட்டுமே கோக்கப்பட்ட பாரஃபின்கள் எளிதில் வினைபுரியாதவை. அவற்றிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைக் கழற்றி, அடுத்தடுத்த கார்பன்களிடையே இரட்டைப் பிணைப்பை உண்டாக்கினால், பிளாஸ்டிக்குகளுக்கு மூலப்பொருளான ஒலிஃபின்கள் கிடைக்கின்றன. சமையல் எரிவாயுவிலும் கலந்திருக்கும் புரொப்பேன் இவ்வாறே பாலிபுரொப்பிலீனுக்கு வேண்டிய புரொப்பிலீனாகிறது. ஆனால் மோலுக்கு ஏறத்தாழ 124 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும் இவ்வினைக்கு 550 முதல் 650 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். வெளியேறிய ஹைட்ரஜன் மீண்டும் ஒட்டிக்கொள்ள முனைவதால் வினை முழுமை பெறாமல் சமநிலையில் நின்றுவிட, வினையூக்கியின் மேல் கரியும் படிகிறது. ஆக்சிஜனைச் செலுத்தினால் ஹைட்ரஜன் நீராகிவிடும் என்பது உண்மையே. எனினும், விளைந்த ஒலிஃபினையும் சேர்த்து எரித்துவிடும் முரட்டுத்துணை அது.

ஆக்சிஜனுக்கு மாற்றாகச் செலுத்தப்படும் கார்பன் டை ஆக்சைடின் அழகு அதன் நிதானத்தில் இருக்கிறது. குரோமியம் ஆக்சைடு போன்ற வினையூக்கியின் மேல் அது ஹைட்ரஜனைக் கவர்ந்து, கார்பன் மோனாக்சைடும் நீராவியுமாக மாறுவதால் சமநிலை ஒலிஃபினின் பக்கம் சாய்கிறது. படிந்த கரியிலும் ஒரு பகுதியை மோனாக்சைடாக்கிக் களைகிறது. ஒலிஃபினையோ பெரும்பாலும் விட்டுவைக்கிறது. புகைபோக்கிவழி வெளியேறும் கழிவு வாயு ஒன்று இத்தனை நுட்பமான பணிக்குப் பொருந்துவது வியப்பே. ஆயினும் மயங்கிவிடலாகாது: ஹைட்ரஜனைக் கவரும் அவ்வினையும் வெப்பம் கொள்வதே என்பதால் மொத்தத் தேவை ஏறத்தாழ 165 கிலோஜூலாக உயர்கிறது, அவ்வெப்பம் எதை எரித்துப் பெறப்படுகிறது என்பதைப் பொறுத்தே, கார்பன் கணக்கில் மிச்சமா நட்டமா என்பது தீர்மானமாகும்.